ஊறுகாயைப் புகழ மாட்டேன்

1

எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா சென்ற சனிக்கிழமை நடந்தது. நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று என் மனைவி வைதேகி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் இல்லை, வெறுப்பு என்று சொல்" என்றேன் உரக்க. அவள் சட்டென்று தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள். பொத்த வேண்டியது என் வாயைத்தான் என்று அவள் கண்கள் சொல்லின.

வெறுப்புக்குக் காரணமானவர் சங்கச் செயலாளர் தேவராஜுலு. நம் பக்கத்து மனிதர். கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருந்தவரின் மகன். வட இங்கிலாந்தின் இந்த ஆலை நகரத்தில் நெசவு இயந்திரம் பழுதுபார்க்கிறார். எல்லோரும் நல்லவர் என்கிறார்கள்; நானும் மறுப்பதில்லை. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வீட்டுக்கு வந்தார்.

"சார், இந்த வருசம் பட்டிமன்றம், கவியரங்கம் ஒண்ணும் வாணாம். போன தபாவே பாதிப் பேரு தூங்கிக்கினு இருந்தாங்க. ஊறுகா திருவிழா வச்சுக்கலாம். ஊட்டுக்கு ஒரு பாட்டில். நீங்க ஊறுகா பெருமையைப் பத்தி நல்ல தமிழ்ல கொஞ்சம் பேசுங்க."

"அதில் என்ன பெருமை இருக்கிறது?"

"இன்னா சார் இப்டிக் கேட்டுட்டீங்க! கும்மிடிப்பூண்டி ஐயங்காரம்மா ஊட்டு மாவடு! எங்க நைனாவுக்கு வருசா வருசம் ஒரு ஜாடி வரும். ஆயிரம் மூட்டை காத்துக்கினு இருந்தாலும் அவங்க மில்லு மூட்டையத்தான் மொதல்ல ஏத்துவாரு. அது உங்க தங்கச்சி வாழப் போன ஊடுதானே? அதையே பேசுங்க சார், கைதட்டு பிச்சுக்கும்."

அந்த நேரம் பார்த்து என் மகள் மைதிலி உள்ளே வந்தாள். பதினான்கு வயது. பள்ளிக்கூடம், பேருந்து, மழை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திட்டி முடித்துவிட்டு, ரொட்டித் துண்டைக் கையில் பிடித்தபடி, "அம்மா, ஊறுகாய்" என்றாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த தமிழ் அவ்வளவுதான்.

தேவராஜுலு துள்ளினார். "பாத்தீங்களா சார்! ரத்தத்துலயே ஊறிக் கெடக்குது தமிழு!"

"அது தமிழ் இல்லை. உப்பு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசியதாக எண்ணிக்கொண்டார். இங்கே என் கோபங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வீணாகின்றன.

மேடையில் பேச மறுத்ததை, அங்கே என் எழுத்தைப் படிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் ஊறுகாயைக் கொண்டாடுகிறவர்கள்தாம் என்று அறிவேன். இருந்தாலும் படியுங்கள்.

2

முதலில் எதிரிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாய்க்கு ஆற்றல் உண்டு. இந்த நாட்டில் காய்கறியை வேகவைப்பது, அதற்கு ஏதோ தண்டனை கொடுப்பதைப் போல நடக்கிறது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் வெந்து வெளுத்துத் தட்டில் கிடக்கும்போது, ஓரத்தில் ஒரு துளி எலுமிச்சை ஊறுகாய் வந்து அமர்ந்தால் தட்டு முழுவதும் அதற்கு அடிமையாகிவிடுகிறது. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருமுறை பாலாடைக்கட்டியின்மேல் அதைத் தடவித் தின்று, கண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

உண்ணும் முறைகளையும் சொல்லிவிடுகிறேன், நான் அறியாமல் பகைக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆவக்காயைச் சுடுசோற்றிலும் நல்லெண்ணெயிலும் பிசைய வேண்டும்; ஆறிய சோற்றில் அது வெறும் காரம். உப்பு நார்த்தங்காய் காய்ச்சல்காரனின் நாக்குக்கு உரியது. மாவடுவைக் காம்பைப் பிடித்துக் கடிக்க வேண்டும். கரண்டியால் வெட்டுகிறவன் அதன் சுவையில் பாதியை இழக்கிறான். தயிர்ச்சோற்றில் மாவடு ஊறிய நீரை ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் வேறெதுவும் வேண்டாம். வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு, மைதிலி கண்டுபிடித்தபடி, தக்காளித் தொக்கு.

இவ்வளவு அறிந்தும் ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உள்ளே எரிகிறது. ஒருமுறை ஊரிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வைதேகியின் பாட்டிலைத் திறந்து மோந்து, பின்வாங்கி, இது என்ன மருந்து என்று கேட்டார். உண்பது என்றேன். நம்பவில்லை. மேலதிகாரி வந்தார், அவருக்கும் மேல் ஒருவர் வந்தார், ஒரு படிவத்தில் கையெழுத்திட்டேன், பாட்டில் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. வைதேகி அழுதாள். நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவது இதைப் பற்றியதுதான். மாதவிலக்கான பெண் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் அது பூஞ்சை பூத்துப்போகும் என்பது நம் வீடுகளின் சட்டம். இங்கே எங்களுக்கு உள்ளது இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும். வைதேகி எல்லா நாளும் சமைக்கிறாள். எல்லா நாளும் ஊறுகாய் எடுத்துப் போடுகிறாள். இந்த நகரத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பது இதுவே. எந்தப் பாட்டிலும் பூக்கவில்லை. ஆனால் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊருக்குப் போகிறபோது மட்டும் அந்தச் சட்டத்தைச் சலவை செய்து மறுபடியும் உடுத்திக்கொள்கிறார்கள்.

3

என் தங்கை கோதையை அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் கொடுத்தோம். திருவள்ளூரில் எங்கள் தந்தை கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்யும் பணியில் இருந்தார். தாய் அதற்கு முன்பே போய்விட்டாள். மாப்பிள்ளை ரங்கன் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினான். மெலிந்த குரல், மெலிந்த முதுகு. அந்த வீட்டில் முதுகெலும்பு அவன் தாயார் அலமேலு அம்மாளிடம் இருந்தது.

அலமேலு அம்மாளின் ஆயுதம் ஊறுகாய். பங்குனியில் மாவடு வந்ததும் இடுப்புயரச் சீன ஜாடிகளில் உப்பும் மிளகாயும் கடுகுமாகக் குலுக்கிப் போடுவாள். ஆலை முதலாளிக்கு ஒரு ஜாடி. கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு ஒரு ஜாடி. ஆலையின் லாரிகள் ஆந்திரப் பக்கம் போகும்போது எளாவூர்ச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்காமலிருக்க அங்கே ஒரு ஜாடி. புதிதாக ஒரு தொழிற்சாலை வந்தபோது அதன் மானேஜர் வீட்டுக்கு இரண்டு ஜாடி. ரங்கன் அங்கே பண்டகசாலைக் குமாஸ்தா ஆனான். அரிசி ஆலையின் உமித் தூசியிலிருந்து தொழிற்சாலையின் மின்விசிறிக் காற்றுக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன் படிப்பன்று, மாவடு.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஒவ்வோர் ஆண்டும் முதல் ஜாடி திருவள்ளூருக்கு வரும். தந்தை அதைத் தம் கையால் கோயிலுக்கு எடுத்துச் செல்வார். ததியோதனம் என்னும் தயிர்ச்சோற்றோடு மாவடுவும் பெருமாளுக்கு அமுதாகும். "சம்பந்தி அம்மாள் கை மடிக் கை" என்பார் தந்தை. மடி என்னும் ஆசாரத் தூய்மை அவருக்கு உயிர்.

அந்த ஜாடிகளைப் போட்டவள், தூக்கியவள், நாள்தோறும் விடியலில் குளித்து ஈரத்துணியுடன் அடிமுதல் மேல்வரை கிளறியவள் கோதை. புகழ் முழுவதும் மாமியாருக்கு. மாவடு போட்ட முதல் நாள்களில் உப்புநீர் விட்டு எல்லாக் காயும் முழுகும்வரை கிளறாமல் விடக்கூடாது. மேலே மிதப்பவை காய்ந்து, வெள்ளை பூத்து, ஜாடி முழுவதையும் கெடுத்துவிடும். இது சமையலறையில் கால் வைத்த எவருக்கும் தெரிந்த செய்தி.

4

எழுபதுகளின் நடுவில், இங்கே வந்தபின் கிடைத்த முதல் நீண்ட விடுமுறையில் திருவள்ளூர் போயிருந்தேன். ஒரு பிற்பகல், எங்கள் கோயில் தெருவுக்குள் நுழையவே கூடாத அளவில் ஒரு நெல் லாரி நுழைந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டுநரின் பக்கத்து இருக்கையிலிருந்து கோதை இறங்கினாள். பின்னாலிருந்து அவளுடைய தகரப் பெட்டி இறங்கியது.

ஓட்டுநரின் பெயர் முனிரத்தினம், அரிசி ஆலைக்காரர். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோச்சிக்காதீங்க சாமி. 'போற வழியில திருவள்ளூர்ல எறக்கிடு'ன்னு இவங்க மாமியாரம்மா ஏத்தி வுட்டாங்க. மூட்டைய சொல்ற மாரி சொன்னாங்க. இது இன்னாடா பேஜாருன்னு நெனச்சேன். ஆனா நா ஏத்திக்கினு வரலன்னா வேற எவனாச்சும் ஏத்திக்குவான். அதான் நானே கூட்டியாந்துட்டேன்."

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஊறுகா பூத்துடுச்சாம்."

நான் அவரையே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தீட்டோட ஜாடியத் தொட்டுட்டாங்கன்னு மாமியாரம்மா தெருவே கேக்கக் கத்துறாங்க. மானேஜர் ஊட்டுக் கல்யாணத்துக்குக் குடுக்கறதா சொன்ன ஜாடியாம். எங்க ஊட்ல ஊறுகா பூத்துச்சுன்னா கொட்டிட்டு ரெண்டு கருவாடு சுட்டுக்குவோம் சாமி. பொண்டாட்டியத் தூக்கிக் கொட்ட மாட்டோம்."

கோதை முதன்முறையாகப் பேசினாள். "முனிரத்தினம், மோர் சாப்ட்டுட்டுப் போங்கோ."

"இருக்கட்டும் தாயி, லோடு இருக்குது" என்று அவர் போய்விட்டார்.

உள்ளே தந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். மகளை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றே.

"தொட்டியா?"

"அவா வரட்டும்ப்பா. அவா எதிர்ல சொல்றேன்" என்றாள் கோதை.

5

மூன்றாம் நாள் வந்தார்கள். அலமேலு அம்மாள், ரங்கன், கூடவே அலமேலு அம்மாளின் தமக்கை. அந்தப் பெரியம்மா காஞ்சிபுரத்திலிருந்து வந்து மாசியிலிருந்தே கும்மிடிப்பூண்டியில் தங்கியிருந்தவள். ஆசாரத்தில் தங்கையையும் மிஞ்சியவள். வந்ததும் எங்கள் பாயை விலக்கிவிட்டுத் தன் மடித்துணியை விரித்துக்கொண்டாள்.

அவர்களுடைய நிபந்தனை எளியது. கோதை தவற்றை ஒப்புக்கொண்டு மாமியார் காலில் விழ வேண்டும். விழுந்தால் அன்றைக்கே அழைத்துப்போவார்கள். விழாவிட்டால் அவள் இங்கேயே கிடக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்வு ஜாடியின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிடக் கேவலம், நான் உட்பட அங்கே இருந்த அனைவரும் அவள் விழுந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தோம். தந்தை அதைத்தான் விரும்பினார். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மகளை வைத்துக்கொண்டு கோயில் தெருவில் குடியிருப்பது அவரால் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

அலமேலு அம்மாள் குரலில் தேன் வடிந்தது. "ஒரு வார்த்தைதான் கோதை. 'தொட்டேன், மன்னிச்சுக்கோங்கோ'ன்னு சேவிச்சுடு. ஜாடியை அலம்பிட்டு வேற போட்டுக்கலாம். ரங்கன் மானேஜருக்கு வாக்குக் குடுத்துட்டு முழிக்கறான் பாவம்."

ரங்கன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"தொட்டேன்" என்றாள் கோதை.

தந்தை மூச்சுவிட்டார். அலமேலு அம்மாள் காலை வசதியாக நீட்டினாள்.

"போன வருஷம் தொட்டேன். அதுக்கு முன்னாடி வருஷமும் தொட்டேன். கல்யாணமாகி வந்ததிலேர்ந்து வருஷா வருஷம் தொட்டேன். இந்த வருஷம்தான் தொடலை. அதனாலதான் பூத்துது."

கோதை தந்தையைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"முதல் பங்குனியிலே எனக்குத் தூரமாச்சு. பின்கட்டுக்குப் போகக் கிளம்பினேன். மாமியார் கையைப் பிடிச்சு நிறுத்தினா. 'எனக்கு மணிக்கட்டு விட்டுப் போச்சு, ஜாடியை யாருடீ கிளறுவா? மாவடு மாசத்துல உனக்கு அந்த மூணு நாள் கிடையாது, புரிஞ்சுதா?'ன்னா. ஸ்நானம் பண்ணிட்டுக் கிளறினேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் ஒவ்வொரு பங்குனியிலும் அப்படித்தான். இந்த வருஷம் பெரியம்மா வந்திருந்தா. அவா கண்ணுக்காக என்னைப் பின்கட்டுல உட்கார வச்சா. மூணு நாள் ஜாடியை யாரும் கிளறலை. வெளியில வந்து பார்க்கறேன், மேல எல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு."

"பொய்! பச்சைப் பொய்!" என்றாள் அலமேலு அம்மாள். அவள் பார்த்தது கோதையை அல்ல, தமக்கையை.

பெரியம்மா மெல்ல எழுந்து தன் மடித்துணியைச் சுருட்டினாள். "அலமேலு, போன வருஷம் காஞ்சீபுரத்துக்கு ஒரு ஜாடி அனுப்பிச்சியே?"

"அக்கா, இவ சொல்றதை..."

"உன் மணிக்கட்டு எனக்குத் தெரியும்டீ. வந்ததிலேர்ந்து ஒரு சொம்பைத் தூக்கி நான் பார்க்கலை. நீ எப்படி ஜாடியைக் கிளறினே? ராமா, நான் ஏகாதசி பாரணைக்கு அதைத் தொட்டுண்டேனே!"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தந்தையின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கும் விளங்கிற்று. முதல் ஜாடி. ஒவ்வோர் ஆண்டும் தம் கையால் சந்நிதிக்கு எடுத்துச் சென்ற முதல் ஜாடி.

தந்தை அலமேலு அம்மாளிடம் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

அலமேலு அம்மாள் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரிஞ்சே பெருமாளுக்கு அனுப்பினேள். பெருமாள் ஒண்ணும் சொல்லலை. மானேஜராத்து ஜாடி பூத்ததுக்கு என் பொண்ணு கால்ல விழணுமா?"

ரங்கன் எழுந்தான். அந்த முற்பகல் முழுவதிலும் அவன் பேசியது இதுதான்: "அம்மா, வண்டிக்கு நாழியாறது."

மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான் என்று எண்ணினேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

6

இந்த இடத்தில் தந்தை புரட்சியாளராகிவிட்டார் என்று எழுதினால் உங்களில் சிலர் மகிழ்வீர்கள். அவர் அப்படி ஆகவில்லை. குளத்துக்குப் போய்த் தலைமுழுகினார். இரண்டு நாள் உபவாசம் இருந்தார். தெரியாமல் செய்த குற்றத்துக்கு என்னென்ன பிராயச்சித்தம் உண்டோ அத்தனையும் செய்தார். அதற்குப் பின் சாகும்வரை ஊறுகாய் என்ற ஒன்றை இலையில் இட விட்டதில்லை.

நான் வாதாடினேன். "அப்பா, இத்தனை வருஷம் பூக்கலையே. விதியே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே. அப்புறம் யாருக்காக உபவாசம்?"

"உனக்கு உன் ஊர். எனக்கு என் மடி" என்றார். பிறகு, "அவ இங்கே இருப்பா. அதுக்கு மேல கேக்காதே" என்றார்.

மகளுக்காக அவர் தம் தெருவை எதிர்த்தார். தம் விதியை எதிர்க்கவில்லை. கோதை அந்த வீட்டிலும் மாதந்தோறும் மூன்று நாள் பின்கட்டில்தான் இருந்தாள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் அவள் தீட்டை மறைத்து அவளிடம் வேலை வாங்கவில்லை. இது ஒரு பேறா என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டியோடு ஒப்பிட்டால் பேறுதான். அவ்வளவு தாழ்வான இடத்தில் நம் அளவுகோல் கிடக்கிறது.

தேவராஜுலு நேற்று மறுபடியும் வந்தார். விழா வெகு சிறப்பாம். பாட்டில்கள் அனைத்தும் காலியாம். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு நக்கினார்களாம். "நீங்க இல்லாததுதான் சார் கொறை. அந்த ஐயங்காரம்மா இப்ப மாவடு போடறதில்லையாமே? எங்க நைனா எழுதியிருந்தாரு. இன்னா ஆச்சு சார்?"

சொன்னேன். இங்கே எழுதிய அத்தனையும் சொன்னேன். அவர் தேநீரை ஆறவிட்டார். "எங்க நைனாவும் துன்னாரே சார் அத" என்றார் கடைசியில்.

"நீங்களும்தான்."

"நானுந்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார். இந்த ஊறுகாய்க் கூட்டத்தில் உண்மை பேசிய ஒரே மனிதர் என்று அவரை அப்போது மதித்தேன். இருந்தாலும் அடுத்த ஆண்டும் மேடை ஏற மாட்டேன் என்பதையும் தெரிவித்தேன்.

அவருக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நான் இங்கே திரும்பிய அடுத்த பங்குனியில் ரங்கன் தனியாகத் திருவள்ளூர் வந்திருக்கிறான். கோதை அப்போது ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அவன் கையில் ஒரு சீன ஜாடி. மானேஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். சாவடியில் லாரிகள் நிற்கின்றனவாம். அம்மாவுக்குக் கை முற்றிலும் வராதாம். "நடந்ததெல்லாம் போகட்டும். நீ வந்துடு. இல்லாட்டா இந்த ஒரு ஜாடியாவது போட்டுக் குடு" என்று வாசற்படியில் ஜாடியை வைத்தானாம்.

கோதை ஜாடியை உள்ளே எடுத்துப் போனாள். அவன் காத்திருந்தான். புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து, ஈரம் முற்றும் போகும்வரை உலரவைத்து, மாலையில் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். நம் வீடுகளில் பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. பகையாளியின் கிண்ணமானாலும் ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ இட்டுத்தான் கொடுப்பார்கள்.

ரங்கன் மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை.